ஞாயிற்றைப் பற்றிய பாம்பு



2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. மார்கழித் திங்கள் 10ஆம் நாள். சிங்கப்பூரில் முற்பகல் 11.27க்கு நிலவின் விளிம்பு கதிரவனின் விளிம்பைத் தொட்டது. பிற்பகல் 1.22க்கு நிலவு கதிரவனின் வட்டத்துக்குள் முழுவதும் அடங்கியது. ஏறத்தாழ 2 நிமிடம் வானில் ஓர் ஒளிவளையம் நின்றது. 3.18க்கு எல்லாம் முடிந்தது. அந்த நிழல் அன்று நடந்த வழியை மேற்கிலிருந்து எண்ணிப் பாருங்கள்: சவூதி அரேபியா, கத்தார், ஓமான்; பிறகு கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை; கடலைக் கடந்து யாழ்ப்பாணம்; பிறகு சுமத்திரா, சிங்கப்பூர். தமிழ் ஆட்சிமொழியாக உள்ள மூன்று நிலங்களின் மீதும் ஒரே நாளில் ஒரே நிழல் ஊர்ந்து சென்றது. வானியலாருக்கு இது தற்செயல். மொழியியல் பயின்ற எனக்கு இது எளிதில் கிடைக்காத வாய்ப்பு. ஒரே நிகழ்ச்சியைப் பற்றி மூன்று நிலத்துத் தமிழரும் ஒரே நாளில் பேசினார்கள். என்ன சொல் கொண்டு பேசினார்கள் என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் ஒரு தெளிவு. அன்று நாம் கண்டது முழுக் கிரகணம் அன்று. கதிரவனின் விட்டம் நிலவின் விட்டத்தைப் போல ஏறத்தாழ 400 மடங்கு. தொலைவும் ஏறத்தாழ 400 மடங்கு. ஆகவே நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே அளவினவாகத் தோன்றுகின்றன. நிலவு அண்மையில் இருக்கும்போது குறுக்கிட்டால் கதிரவனை முற்றும் மறைக்கும், பகல் இருளும், விண்மீன் தெரியும். சேய்மையில் இருக்கும்போது குறுக்கிட்டால் விளிம்பு எஞ்சும். இவ்வாறு விளிம்பு எஞ்சுவதைப் பழைய பஞ்சாங்கங்கள் கங்கண கிரகணம் என்றன. கங்கணம் என்பது கைவளை. இன்றைய பாடநூல் வளைய கிரகணம் என்கிறது. அதுவும் அதே வளைதான். செய்தித்தாள்கள் மட்டும் நெருப்பு வளையம் என்று எழுதின. அது ஆங்கிலச் செய்தியிலிருந்து பெயர்த்தது என்பது சொல்லாமலே விளங்கும். கைவளை என்று நம்மவர் கண்ட உவமை கையருகே இருக்க, நெருப்பை இரவல் வாங்கியிருக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இனிக் கிரகணம் என்ற சொல்லுக்கு வருவோம். வடமொழியில் 'க்ரஹ்' என்னும் வேருக்குப் பற்றுதல், கவர்தல் என்பன பொருள். பற்றுவது கிரகம்; பற்றுதல் கிரகணம். தமிழில் 'கொள்' என்னும் வினைக்கும் ஏறத்தாழ அதே பொருள்தான். அதன் முதனிலை நீண்டு 'கோள்' ஆயிற்று. கொள்ளுதலும் கோள், வானில் திரியும் கிரகமும் கோள். கொள் என்பதிலிருந்து கோள். க்ரஹ் என்பதிலிருந்து கிரகம். இரு மொழிகளும் வான்பொருளுக்கு ஒரே கருத்தின் மீது பெயரிட்டிருப்பதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனமில்லை. மக்களின் வாழ்வைப் பற்றிக்கொள்வன என்று அவற்றை எண்ணியவர்கள் இட்ட பெயர் இது.

பேச்சுத் தமிழ் இதைவிடச் சுவையானது. கிரகணம் 'பிடிக்கிறது' என்கிறோம். கிரகணம் 'விட்டது' என்கிறோம். கிரகணம் என்ற வடசொல்லின் பொருளை அறியாத பாட்டியும் அதற்கு 'பிடி' என்னும் வினையையே சேர்க்கிறார். வேர்ப்பொருள் பெயரில் மறைந்துவிட்டது. வினையில் உயிரோடு இருக்கிறது. மழை பிடிக்கும், விடும். காய்ச்சல் பிடிக்கும், விடும். பேய் பிடிக்கும், விடும். இந்த வரிசையில்தான் தமிழர் மனம் கிரகணத்தை வைத்தது. பஞ்சாங்கத்தில் தொடக்கத்துக்கு ஸ்பரிசம் என்றும், நடுவுக்கு மத்தியம் என்றும், முடிவுக்கு மோட்சம் என்றும் அச்சிட்டிருப்பார்கள். ஆன்மா பிறவியிலிருந்து விடுபடுவதற்கு என்ன சொல்லோ அதே சொல்தான் கதிரவன் பிடியிலிருந்து விடுபடுவதற்கும். மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம்.

பிடிப்பது யார்? சங்கப் பாடல்களிலேயே பாம்பு வந்துவிடுகிறது. குறுந்தொகையில் ஒரு தலைவியின் துயருக்கு உவமையாக, பாம்பு விழுங்கும் திங்கள் காட்டப்படுகிறது. அதைக் காணும் நிலத்து மக்கள் இரங்கலாமேயன்றி விடுவிக்க அவர்களால் இயலாது. அதுபோலவே அவளுடைய நிலையும். அங்கே அச்சமும் இல்லை, சடங்கும் இல்லை. கையறுநிலை மட்டுமே உண்டு. பின்னர்ப் புராணக் கதை வருகிறது. அமுதம் பங்கிடும்போது தேவர் வரிசையில் புகுந்த அசுரனைக் கதிரவனும் திங்களும் காட்டிக் கொடுக்கின்றனர். திருமால் அவனை இரு கூறாக்குகிறார். தலை ராகுவாகவும் உடல் கேதுவாகவும் நிலைக்கின்றன. தலை பழிவாங்க விழுங்குகிறது. உடல் இல்லாமையால் விழுங்கியது கழுத்தின் வழியே வெளியேறிவிடுகிறது. கிரகணம் ஏன் முடிகிறது என்ற வினாவுக்குக் கதைக்குள்ளேயே விடை வைத்த அந்தக் கதைசொல்லியை நான் மிகவும் மதிக்கிறேன். தமிழ் நிகண்டு மரபு ராகுவைக் கரும்பாம்பு என்றும் கேதுவைச் செம்பாம்பு என்றும் தன் சொல்லாகவே ஆக்கிக்கொண்டது. திருஞானசம்பந்தரின் கோளறு பதிகமும் மற்றைக் கோள்களைப் பெயர் சொல்லி எண்ணிவிட்டு, இவ்விரண்டையும் பாம்புகள் என்றே குறிக்கிறது.

இப்போது சிராங்கூன் சாலையை விட்டுச் சற்று வெளியே வருவோம். நம் நாட்டில் ஆட்சிமொழிகள் நான்கு. மலாய் மொழியில் கிரகணத்துக்குச் சொல் 'கெர்ஹானா'. நம் கிரகணத்தோடு அதைச் சேர்த்து ஒருமுறை உச்சரித்துப் பாருங்கள். வடசொல்லேதான், கடல் கடந்து சென்று மலாய் நாவுக்கேற்பத் திரிந்திருக்கிறது. மலாய் வழக்கில் 'ராகு நிலவைத் தின்றது' என்ற பொருளுடைய தொடரும் உண்டு. ராகுவின் பெயர் அங்கும் ராகுதான். சீன மொழியில் சூரிய கிரகணம் 'ரி ஷி'. 'ரி' ஞாயிறு, 'ஷி' உண்ணுதல். பழைய எழுத்து வடிவத்தில் அந்த உண்ணுதலோடு பூச்சியின் குறியையும் சேர்த்திருப்பார்கள். அரித்துத் தின்பது என்ற பொருள் அதனால் விளங்கும். சீனரின் நாட்டுப்புறக் கதையில் தின்பது வானத்து நாய். அதை விரட்டப் பறையும் தட்டும் அடிப்பார்கள். ஆங்கிலச் சொல்லின் கிரேக்க மூலத்துக்கு விட்டு நீங்குதல் என்று பொருள். ஆக, கிரேக்கருக்குக் கதிரவன் நம்மைக் கைவிடுகிறான். சீனருக்கு அவன் உண்ணப்படுகிறான். தமிழருக்கும் மலாய்க்காரருக்கும் அவன் பிடிபடுகிறான். ஒரே வகுப்பறையில் அமர்ந்திருக்கும் நம் பிள்ளைகளிடம் இம்மூன்று வானமும் இருக்கின்றன. தமிழ் வகுப்பில் இதைச் சொல்ல ஓர் ஆசிரியருக்குப் பத்து நிமிடம் போதும்.

தாய்லாந்தில் சூரிய கிரகணத்துக்கு 'சுரியுப்பராக்கா' என்கிறார்கள். சூரியனும் உபராகமும் சேர்ந்த சொல். உபராகம் நம் பழைய நூல்களிலும் உண்டு. இந்த நாட்டைக் குறிப்பிடுவதற்கு ஒரு வரலாற்றுக் காரணமும் இருக்கிறது. 1868 ஆகஸ்ட் 18 அன்று ஒரு முழுச் சூரிய கிரகணம் ஏடனிலிருந்து இந்தியாவின் குறுக்கே வந்து மலாய்த் தீவக்குறையின் வடபகுதியைக் கடந்தது. குண்டூரில் இருந்து அதை ஆராய்ந்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன். பின்னாளில் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் வரலாறு அந்தக் கிரகணத்தில்தான் தொடங்குகிறது. சயாம் மன்னர் மோங்குட், அந்த நிழல் தம் நாட்டின் எப்பகுதியில் விழும் என்பதைத் தாமே கணக்கிட்டு, வாக்கோ என்னும் கடற்கரைச் சிற்றூரில் பாசறை அமைத்தார். பிரெஞ்சு வானியலாரை வரவழைத்தார். சிங்கப்பூரிலிருந்து நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஹாரி ஆர்டும் அழைக்கப்பட்டுச் சென்றார். ராகு கதிரவனை விழுங்குகிறான் என்று நம்பிய நாட்டில், ராகுவின் வருகையை நேரம் குறித்துக் காட்டியவர் அந்நாட்டு மன்னரே. அங்கே பற்றிய மலேரியாக் காய்ச்சலால் அவர் அக்டோபர் 1 அன்று மறைந்தார். ராகுவின் கோபம் என்று சிலர் சொல்லியிருக்கக்கூடும். கொசு என்று நாம் சொல்கிறோம். அவருடைய மகன் சூலாலங்கோன் 1871இல் சிங்கப்பூருக்கு வருகை தந்ததன் நினைவாக வழங்கிய வெண்கல யானை பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன் இன்றும் நிற்கிறது. அடுத்த முறை அவ்வழியே செல்லும் மாணவர்கள் அதன் அருகில் சற்று நின்று செல்லுங்கள்.

கணக்கிடுதல் என்று சொன்னேன். நம் மரபின் பெருமையைப் பேச விரும்புவோர் பெரும்பாலும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். கிரகணத்தின்போது கொடிய கதிர்கள் வருகின்றன, முன்னோர் அதை அறிந்திருந்தார்கள் என்கிறார்கள். கிரகணத்தின்போது கதிரவனிடமிருந்து எந்தப் புதிய கதிரும் வருவதில்லை. வழக்கமாக வருவதுதான் குறைவாக வருகிறது. உண்மையான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. 1825இல் ஜான் வாரன் என்பார் சென்னையில் 'கால சங்கலித' என்ற நூலை வெளியிட்டார். புதுச்சேரியில் தாம் கண்ட ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அவர் ஏடு எதையும் பார்க்காமல், தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்தி, மனப்பாடமாக வைத்திருந்த சொற்களைச் சொல்லிக்கொண்டே சந்திர கிரகணத்தைக் கணித்தார். 1825 மே 31, ஜூன் 1 இரவில் நிகழ்ந்த கிரகணத்துக்கு அவர் சொன்ன தொடக்கம் 4 நிமிடம் பிழை. நடு 23 நிமிடம். முடிவு 52 நிமிடம். முடிவைச் சொன்னதில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தவறினார் என்று சிரிக்கத் தோன்றலாம். கையில் ஒரு காகிதமும் இல்லாமல் அத்தனையையும் நினைவிலிருந்து செய்தார் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். அதற்கு அறுபது ஆண்டு முன்னர், 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்துக்குத் தமிழ்க் கணக்கு கூறிய கால அளவு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணை கூறியது 68 விநாடி மிகுதி. இதைப் பதிந்தவர் வெள்ளிக் கோளின் கடப்பைக் காணப் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜான்டில்.

அவர்கள் மனப்பாடம் செய்தவை எண்கள் அல்ல, வாக்கியங்கள். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் எண் உண்டு. ஒரு தொடரைச் சொன்னால் அதன் எழுத்துகளே எண்ணாகிவிடும். நிலவின் நிலையைச் சொல்ல இத்தகைய வாக்கியங்கள் 248. நிலவு பூமிக்கு அண்மையில் வரும் சுற்று 9 முறை நிகழ 248 நாள் ஆவதால் அந்த எண். வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இப்படி வந்தது. மொழியையே கணக்குக் கருவியாக்கிய மரபு இது; தமிழாசிரியர்கள் பெருமையோடு சொல்லத்தக்கது. பிற்காலத்தில் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி போன்றோர், கண்ணால் காணும் நிலைக்கு ஒத்துவரும் கணக்கே வேண்டும் என்று வாதிட்டனர். அவர்கள் வழி வந்ததுதான் திருக்கணிதப் பஞ்சாங்கம். 'த்ருக்' என்றால் பார்வை. தமிழ்க் காது அதைத் 'திரு' என்று கேட்டுக்கொண்டது. பார்த்துச் சரிபார்க்கும் கணிதம் என்ற பொருள் தேய்ந்து, புனிதக் கணிதம் என்ற தோற்றம் வந்துவிட்டது. சொற்களின் வாழ்க்கையில் இதைவிட நயமான குறும்பை நான் கண்டதில்லை.

இனித் தேக்காவுக்குத் திரும்புவோம். அங்குக் கடைகளில் தொங்கும் நாட்காட்டிகள் பலவும் தமிழ்நாட்டுக்காகக் கணிக்கப்பட்டவை. 2019 கிரகணத்துக்குச் சென்னை நேரம் ஏறத்தாழ காலை 8.08 முதல் 11.19 வரை. அதை நம் நேரத்துக்கு மாற்ற இரண்டரை மணி கூட்டினால் 10.38 முதல் பிற்பகல் 1.49 வரை என்று வரும். ஆனால் இங்கே கிரகணம் 11.27க்குத்தான் தொடங்கியது, 3.18 வரை நீடித்தது. நாட்காட்டியை நம்பி 1.49க்குக் குளித்துச் சமைத்தவர், நூலின் விதிப்படியே பார்த்தாலும் கிரகணத்தின் நடுவே உண்டவராகிறார். மணியை மாற்றுவது வேறு, இடத்தை மாற்றுவது வேறு. நிழல் மேற்கிலிருந்து கிழக்கே நடந்து வரவேண்டும், அதற்கு நேரமாகும். பார்ப்பவர் நிற்கும் இடத்தால் வரும் வேறுபாட்டை நம் பழைய சித்தாந்த நூல்கள் 'லம்பனம்' என்று தனியே கணக்கிட்டன. பழைய கணக்கர்கள் அறிந்திருந்ததை அச்சிட்ட தாளைக் கிழிக்கும் நாம் மறந்துவிட்டோம். ராகு காலத்துக்கும் இதே கதைதான். வியாழக்கிழமை 1.30 முதல் 3 வரை என்பது காலை 6 மணிக்குக் கதிரவன் எழும் என்று கொண்ட கணக்கு. சிங்கப்பூரில் அவன் எழுவது 7 மணி அளவில்.

சடங்குகளைப் பற்றி ஓரிரு சொற்கள். கிரகணம் கெட்ட நேரம் என்பது பாதி உண்மையே. நம் மரபில் அது உணவுக்கு ஆகாத காலம். கொடைக்கும் செபத்துக்கும் மிகச் சிறந்த புண்ணிய காலம். அரசர்கள் கிரகண நாளில் நிலம் வழங்கினர்; அதைக் கல்லில் வெட்டினர். தக்கோலத்துக் கல்வெட்டொன்று ஒரு சூரிய கிரகணத்தைக் குறிப்பதால்தான் ஆதித்த சோழனின் ஆட்சித் தொடக்கம் ஏறத்தாழ 871 என்று வரலாற்றாசிரியர்களால் கணக்கிட முடிந்தது. பாம்பு விழுங்கியதாக எண்ணி அளித்த கொடை, நமக்கு ஆண்டுக்கணக்காக வந்து சேர்ந்திருக்கிறது. கோயில்களில் நடை சாத்துவது பொதுவழக்கு. ராகு, கேது வழிபாட்டுக்குப் பெயர்பெற்ற திருக்காளத்தியில் நடை திறந்தே இருக்கும். வீவக அடுக்குமாடி வீடுகளில் தயிருக்கும் ஊறுகாய்க்கும் மேல் தர்ப்பைப்புல் கிடப்பதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. அதனால் யாருக்கும் கேடில்லை. வீட்டுக்குள் இருந்து பார்க்காமல் கழிப்பதும் கண்ணுக்கு நல்லதே. தகுந்த வடிகட்டி இல்லாமல் கதிரவனை நோக்கினால் விழித்திரை கெடும்.

ஆனால் ஓரிடத்தில் நான் இணங்கமாட்டேன். சூலுற்ற பெண்ணை நான்கு மணி நேரம் நீரும் உணவும் இன்றி அடைத்து வைப்பது தீங்கு. அவள் கத்தியைத் தொட்டால் குழந்தைக்கு உதடு பிளக்கும் என்பது அதனினும் பெரிய தீங்கு. அத்தகைய குழந்தை பிறந்துவிட்டால், அன்று நீ என்ன செய்தாய் என்ற கேள்வி அந்தத் தாயை வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது. உதட்டுப் பிளவு கருவின் முதல் மாதங்களில் முகத்தின் பகுதிகள் ஒன்றுசேராமையால் வருவது; அறுவை மருத்துவத்தால் சீராவது. வானத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. சொல்லின் வரலாற்றைப் போற்றுகிறவன் சொல்லின் பெயரால் நிகழும் கொடுமையையும் போற்ற வேண்டியதில்லை. தமிழாசிரியர் இதை வகுப்பில் சொல்லலாம், சொல்ல வேண்டும். அறிவியல் ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்வது பாட்டியின் காதுக்கு எட்டாது. தமிழில் கற்ற பிள்ளை தமிழில் போய்ச் சொன்னால் எட்டும்.

நம் தமிழ் முஸ்லிம் நண்பர்களின் வழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். டன்லப் தெருவின் அப்துல் கஃபூர் பள்ளிவாசலும் சிராங்கூன் சாலையின் அங்குலியா பள்ளிவாசலும் நமக்கு அண்டை. இசுலாத்தில் கிரகணத்துக்கென்றே தனித் தொழுகை உண்டு. நபிகள் நாயகத்தின் மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் கிரகணம் நிகழ, மக்கள் இரண்டையும் இணைத்துப் பேசினர். யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கதிரவனும் திங்களும் மறைவதில்லை என்று அவர் கூறியதாக மரபு. தமிழில் அதற்குப் பெயர் கிரகணத் தொழுகை: வடசொல் ஒன்று, தமிழ்ச்சொல் ஒன்று, அரபு நிலத்து வழிபாடு ஒன்று. ஒரே தொடரில் மூன்றும் சண்டையின்றி நிற்கின்றன.

இறுதியாக, ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் ஒரு வினா. கிரகணம் வடசொல்லாயிற்றே, 'மறைப்பு' என்று எழுதலாமா? சூரிய கிரகணத்துக்கு எழுதலாம். நிலவு இடையே வந்து கதிரவனை மறைக்கிறது; சொல் நிகழ்வை அப்படியே காட்டுகிறது. சந்திர கிரகணத்துக்கு அது பொருந்தாது. அங்கே நிலவுக்கும் நமக்கும் இடையில் எதுவும் வருவதில்லை. நாம் நிற்கும் பூமியின் நிழலுக்குள் நிலவு நுழைகிறது, அவ்வளவே. 'நிலவு மறைப்பு' என்று எழுதினால், எது மறைத்தது என்று மாணவன் கேட்பான். அவன் கேட்பதே சரி. மேலும் ஒரு கோளோ நிலவோ விண்மீனை மறைப்பதற்கு மறைப்பு என்ற சொல் வானியலாருக்குத் தேவைப்படுகிறது. ஆகவே தூய தமிழ் வேண்டுவோர் ஒன்றுக்கு ஞாயிறு மறைப்பு என்றும், மற்றதற்கு நிழல் என்ற சொல் அமைந்த வேறொரு தொடரும் ஆள்வது நேர்மை. இரண்டையும் ஒரே சொல்லால் சுட்ட வேண்டுமானால் கிரகணமே இருக்கட்டும். பாம்பை நாம் நம்பாவிட்டாலும், 'பிடித்தது' என்னும் வினை தமிழ்தான்.

சிங்கப்பூரில் அடுத்த வளைய கிரகணம் 2063 பிப்ரவரி 28 அன்று. இங்கு அமர்ந்திருக்கும் மாணவர்கள் அப்போது நடுவயதில் இருப்பீர்கள். நேரத்தைச் சென்னை நாட்காட்டியில் பார்க்காதீர்கள்.